முப்பத்தேழாவது மடக்கு

பொம்மைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நூறக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் பூட்டிக்கொள்ளும் புது பிளாஸ்டிக் ரோபோ ஒன்று கடைக்குப் போகும் முன், வாங்குகிறவர் செய்வதுபோலவே அதன் பெட்டியைப் பிரித்து, பாகம் பாகமாகப் பூட்டி, தேறுமா தேறாதா என்று எழுதித் தருவது அவள் வேலை. பூட்டி முடித்ததும் கை கால் மூட்டு ஒவ்வொன்றையும் நூறு தடவை மடக்கி நீட்டுவாள். பக்கத்தில் இடியே விழுந்தாலும் எண்ணிக்கை தப்பாது.

அவள் கணவன் அதே கட்டடத்தின் மாடியில் டிசைனர். பதினோரு வருஷம் அடுத்தவர்களின் ரோபோக்களுக்குக் கையும் காலும் வரைந்துகொண்டிருந்தவனுக்கு முதன்முறையாக ஒரு முழு ரோபோ கிடைத்தது. அகன்ற தோள், சிறுத்த இடுப்பு, நீல நிறம், இருநூற்றுப் பன்னிரண்டு பாகங்கள். இரண்டு வருஷம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மகள் அதற்கு 'அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டாள். அப்பா தன்னைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறாராம்.

சொந்தக்காரர் செய்ததைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் இன்னொரு சோதனைக்காரி பிரசவத்துக்குப் போயிருந்தாள். மேலாளர் இவளையே பார்க்கச் சொல்லிவிட்டார்.

மூன்று பெட்டிகள் வந்தன. பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைச் சின்ன வெட்டுக்குறட்டால் வெட்டி, வெட்டிய தடத்தை அரம் வைத்துத் தேய்த்து, நான்கு நாளில் மூன்றையும் பூட்டினாள். பூட்டும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாகங்கள் பசை இல்லாமலே கச்சிதமாக உட்கார்ந்தன. விளக்கத் தாள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி இருந்தது. மனுஷனுக்குக் கைத்திறமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் ரோபோவின் இடது தோளை முப்பத்தேழாவது தடவை மடக்கியபோது கையை உடம்போடு கோக்கும் முளையில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிளாஸ்டிக் வெளுத்தால் அடுத்தது விரிசல். நாற்பத்தொன்றில் கை கழன்று மேசையில் விழுந்தது. இரண்டாவது ரோபோவின் தோள் ஐம்பத்திரண்டில் போனது. மூன்றாவது மட்டும் தாங்கியது. நல்லதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு மனசார எழுதிவிட்டு, நான்காவது பக்கத்தில், தோள் முளையை அரை மில்லிமீட்டர் தடிப்பாக்க வேண்டும், இப்போதைக்குத் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறிக்கைகள் டிசைன் மாடி வழியாகத்தான் மேலாளருக்குப் போகும்.

அன்று மாலை வீட்டில் அவனிடம் அவளே சொன்னாள். அவன் கத்தவில்லை. பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு வெட்டியாகிவிட்டது, திருத்த நாலு மாசம் ஆகும், பள்ளி விடுமுறைக்குள் கடைக்குப் போகாவிட்டால் திட்டத்தையே கைவிட்டுவிடுவார்கள் என்றான். நீ மடக்குகிற மடக்கில் பயில்வான் தோளே கழன்றுவிடும் என்று கேலியும் செய்தான். அவளும் சிரித்தாள். ஆனால் எழுதியதை மாற்ற முடியாது என்றாள். சரி என்று சாப்பிட்டு எழுந்தான். இவ்வளவு பக்குவமாக எடுத்துக்கொண்டானே என்று அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

ஐந்து வாரத்தில் ரோபோ கடைகளுக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்டாள். பிளாஸ்டிக்கின் தரத்தை மாற்றிவிட்டோம், இப்போது வளைந்து கொடுக்கும் என்றான். நம்பினாள்.

விடுமுறை முடிவதற்குள் உடைந்த ரோபோக் கைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. மேலாளர் அவளைக் கூப்பிட்டு அறிக்கையை முன்னால் வைத்தார். முதல் மூன்று பக்கமும் அவள் எழுதியவை. நான்காவது பக்கத்தில், மூட்டுகள் உறுதி, தேறியது என்று இருந்தது. எழுத்து அவளுடையது மாதிரியே. கையெழுத்தும் அப்படியே. அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் மகளின் பள்ளிக் குறிப்பேட்டில் அவளுக்காகக் கையெழுத்துப் போட்ட கை எது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கை மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில், பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள். சொன்னால் புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு என்பார்கள், இருவரும் வெளியே. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். 

"கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்றாள்.

அன்றோடு வேலை போனது. பதினாறு வருஷம் கைசுத்தம் என்று பேர் எடுத்தவள், சக ஊழியர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, டிபன் டப்பாவோடு வெளியே வந்தாள்.

வீட்டில் அவனிடம் ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது மிஞ்சணும்ல" என்றான். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நீ காட்டிக்கொடுக்க மாட்டேன்னு தெரியும்" என்றான்.

முதலில் சொன்னதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். இரண்டாவது சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு பெட்டியோடு வந்தான். அச்சைத் திருத்தியாகிவிட்டது. தோள் முளை அரை மில்லிமீட்டர் தடிப்பு. பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததற்காக அவனைத் தலைமை டிசைனர் ஆக்கியிருந்தார்கள். புதிதாக வந்த சோதனைக்காரி மேல் நம்பிக்கை இல்லையாம். அவளே ஒருமுறை பூட்டிப் பார்த்தால் நிம்மதி என்றான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் தோள் தாங்குகிறதா என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. மதியம் தாண்டும்வரை உட்கார்ந்து பூட்டினாள். இரண்டு தோளையும் நூறு நூறு தடவை மடக்கினாள். ஒரு கீறல் இல்லை. அவன் எதிரே பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"தோள் நல்லா இருக்கு" என்றாள். "அறிக்கையை நீங்களே எழுதிக்கோங்க. என் கையெழுத்து உங்களுக்குத்தான் நல்லா வருதே."

அவன் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்துவைத்தான். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அம்மா கை கழுவப் போய்விட்டாள்.

மகளின் பரீட்சை முடிந்த வாரம் நூறக்கா கண்ணாடிக் கடைக்கு மேலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். மகளும் கூடவே போனாள். வேலை போனதிலிருந்தே அவளுக்குப் புத்தி சரியில்லை என்று அவன் உறவுக்காரர்களிடம் சொன்னான். அவர்கள் நம்பினார்கள். நூறக்காவின் கூடப்பிறந்த அண்ணனே போன் செய்து, தப்பு யார் செய்தது என்று யோசித்துப் பார்த்து மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேள் என்று புத்தி சொன்னார். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.