வடக்கு நீரூற்று

சதுக்கத்துத் தகரத் தடுப்பில் ஒட்டியிருந்த அறிவிப்பை நூலகத்துக்காரம்மா இரண்டாம் தடவையும் விரல் வைத்துப் படித்தாள். ‘நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்நீரைக் குடித்து ஒரு குழந்தை இறந்ததாகத் தெரியவருவதால், பொதுமக்கள் நலன் கருதி மூன்று நீரூற்றுகளும் அகற்றப்படும்.’

அந்தச் சதுக்கத்தின் வரலாற்றை எழுதுவதற்காக நாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். முதல் ஊற்று குதிரைகள் தண்ணீர் குடிக்க வெட்டியது. இரண்டாவதில் துணி துவைக்கப் போய்த்தான் பாதித் தெருவுக்குக் கல்யாணம் கூடியது என்று கிழவர்கள் சிரித்தார்கள். மூன்றாவதான வடக்கு ஊற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. எதிர்க்கடைத் தையல்காரர்தான் ஒருநாள் பட்டன் தைத்துக்கொண்டே சொன்னார். இறந்தது அவருடைய மகள். ஆறு வயசு. சாக்கடைக் குழாய் உடைந்து ஊற்றுநீரில் கலந்துவிட்டது. அடுத்த மாசமே குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

“இத மட்டும் எழுதிடாதம்மா. வீட்ல அவ தாங்கமாட்டா.”

அவள் எழுதவில்லை; அந்தக் கதை இல்லாமலேதான் புத்தகம் வெளிவந்தது. ஆனால் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததை ஒரே ஒருத்தனிடம் சொன்னாள். அம்மா போன பிறகு அவள் சோறு ஊட்டி வளர்த்த தம்பி. நகராட்சியில் அதிகாரி.

அறிவிப்பின் முன்னால் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டாள்.

“அங்க கார் நிறுத்துற இடம் கட்டணும்னு ரெண்டு வருஷமா முட்டிக்கிட்டிருக்கோம்க்கா. ஒரு காரணம் கிடைக்கல. நீ சொன்னது பொய்யா என்ன?”

“உன்னை நம்பித்தானடா சொன்னேன்.”

“பேரு போடலியே!” என்றான், ஏதோ உபகாரம் செய்தவன் மாதிரி.

தையல்காரர் கடைக்குள் போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன வேணுங்க?”

இத்தனை நாள் ‘வாம்மா’ என்றவர். அந்த ‘ங்க’வில் அவள் குறுகிப்போனாள்.

“நான் எழுதலய்யா…”

“எழுதல. சொன்னீங்க.”

பின்கட்டிலிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் நூலகத்துக்காரம்மா எழுதிய சதுக்கத்து வரலாற்றுப் புத்தகம்.

“அறிவிப்புல யாரோ ஒரு குழந்தைன்னு போட்டிருக்கானாம். நீ நல்லாத்தான் எழுதியிருப்ப. எம்பொண்ணு எந்தப் பக்கத்துல இருக்கா?”

நூலகத்துக்காரம்மா தையல்காரரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, விரலை நாவில் தொட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசிக்கடியில் துணி இல்லை.