குடிக்க வந்தவை

அந்த ஆவணியில் குளம் அடியோடு வற்றி, நடுவில் பாய் அகலத்துக்குச் சேறு மட்டும் மிஞ்சியிருந்தது. காட்டு உயிர்களெல்லாம் ஊருக்குள் தண்ணீர் தேடி வரத் தொடங்கின.

பிசோ மெனிக்கே சமையற்கட்டுக்குப் பின்னால், கோழிகளுக்கென்று ஒரு பழைய எனாமல் பேசினில் தண்ணீர் வைப்பாள். அது முன்வாசலிலிருந்து தெரியாத இடம். காரணத்தோடுதான் அங்கே வைத்திருந்தாள். அவள் கணவன் திங்கிரி பண்டாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு இரண்டு வருடமாகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அதற்கு மேல் ஒரு மிடறும் ஆகாது. ஒற்றை ஆளாக மூன்று ஏக்கர் வயலைப் பார்த்த மனுஷன், முதிரை மர நிழலில் சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

"மெனிக்கே, பின்னாடி என்ன இரைச்சல்?"

"தவிட்டுக்குருவிங்க. பேசின்ல தண்ணி இருக்கு."

"அதை ஏன் அங்க ஒளிச்சு வெச்சிருக்க? நான் என்ன அதுங்க பங்கையா பிடுங்கப்போறேன்? முன்னாடி கொண்டா."

"பாத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"கண்ணால குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியே."

மறுநாள் பேசின் வாசலுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பகல் நீளமாகத் தெரியவில்லை. விடிந்ததும் அணில்கள் வரும். குண்டுகரிச்சான் வந்து, குடிப்பதைவிடக் குளிப்பதில்தான் குறியாக இருக்கும். "குடிக்கிற தண்ணியில குளிக்கிறான் பாரு, வீணாப்போனவன்" என்று திட்டுவார். உச்சிவெயிலில் ஓர் உடும்பு, வீடே தன்னுடையது என்பதுபோல் நடந்து வந்து, குடித்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்திச் சற்றுநேரம் நிற்கும். பிற்பகலில் பெட்டை மயில் ஒன்று மூன்று குஞ்சுகளோடு வந்தது. நாலு நாளில் குஞ்சு இரண்டாகிவிட்டது. அன்று அவர் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார்.

கிணறு கலங்கி, பவுசர் லாரியில் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகும் மெனிக்கே பேசினை நிரப்பத் தவறவில்லை. பாத்திரம் கழுவுவதில்தான் சிக்கனம் பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அது. காற்று அசையவில்லை. அவருடைய அரை லிட்டர் காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. மெனிக்கே உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், எதேச்சையாக வாசலைப் பார்த்தாள்.

திங்கிரி பண்டா எழுந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேசினை நோக்கி நடந்தார். குடித்துக்கொண்டிருந்த மயில் பறக்கவில்லை. குஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றது. அவர் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, வாயைத் தண்ணீரில் வைத்தார்.

மெனிக்கே ஓடத்தான் எழுந்தாள். மடக் மடக்கென்று அவர் விழுங்கும் சத்தம் கதவுவரை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு வருடமாகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவர் தலையை நிமிர்த்தி, மூச்சு வாங்கி, மறுபடி குனிந்தார். பேசின் காலியான பிறகு, தாடி சொட்டச்சொட்ட அங்கேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் நோயே இல்லை.

அவள் உள்ளே திரும்பி, ஒரு சட்டியை வேண்டுமென்றே தட்டிச் சத்தம் செய்தாள். வெளியே வரும்போது அவர் நாற்காலியில் இருந்தார்.

"மயில் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு" என்றார்.

பொழுது சாயும் முன்பே அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் கொண்டுபோனார்கள்.

"எவ்வளவு தண்ணி குடுத்தீங்க அம்மா? நெஞ்செல்லாம் தண்ணி" என்று நர்ஸ் சீறினாள்.

ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மெனிக்கேயின் பக்கம் திரும்பின.

"நான்தான் மிஸ் குடுத்தேன். எவ்வளவுன்னு பாக்கல."

"இப்படிப் பாசம் காட்டித்தான் ஆளைக் கொல்றீங்க."

மெனிக்கே தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையை மட்டும் விடவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் இறந்துபோனார்.

ஏழாம் நாள் தானம் முடிந்து பிக்குமார்கள் விகாரைக்குத் திரும்பிய பிறகு, கணவனின் தங்கை பொடிஹாமி பாத்திரங்களைத் துடைத்தபடி கேட்டாள்.

"அக்கே, ஆஸ்பத்திரியில சொன்னாங்களே. நீங்களே குடுத்தது நிசமா?"

அவர் மண்டியிட்ட கோலம் மெனிக்கேயின் கண்முன் வந்தது. ஒரு வார்த்தையில் பழியை இறக்கிவைத்திருக்கலாம்.

"ஆமா நங்கி" என்றாள்.

பொடிஹாமி துடைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் மாதத் தானத்துக்கும் அவள் வரவில்லை. பிள்ளைகளை மட்டும் அனுப்பினாள்.

அதற்கு முன்பே ஐப்பசி மழை இறங்கிக் குளம் நிறைந்திருந்தது. வாசலுக்கு வர எதற்கும் தேவையில்லாமல் போயிற்று. ஒரு காலையில் மட்டும், வடக்கேயிருந்து வந்த ஆறுமணிக்குருவி ஒன்று வேலியோரச் சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த வருடத்தின் முதல் குருவி. மெனிக்கே அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.