முன்னால் ஆள் போகிறார்

காத்தானுக்கு உடம்பில் அலுப்பு கிடையாது. பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து உப்பு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற எடப்புளி நாடு வரைக்கும் ஏறினாலும் அவனுக்கு மூச்சு வாங்காது. அலுத்துப்போனது மனசுதான். இருபத்து மூன்று வயசுக்குள் ஒரு மனுஷன் எத்தனை தடவை தோற்கலாம் என்று ஒரு வரைமுறை வேண்டாமா?

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றான். முதல் தடவை கணக்கில் போச்சு. இரண்டாம் தடவை கணக்குக்குத் துணையாக இங்கிலீசும் போச்சு. பள்ளிக்கூடம் இருந்தது அடிவாரத்தில். சாமை அறுப்பு வந்தால் பத்து நாள் போகமாட்டான். மிளகு பறிப்பு வந்தால் இன்னும் பத்து நாள். போன நாளிலும் பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டால், பாடம் முடிந்து மற்றவர்கள் மணியடிக்கக் காத்திருக்கும்போதுதான் சொட்டச் சொட்டப் போய் நிற்பான். வாத்தியார் அவனைத் திட்டினார் என்று சொல்ல முடியாது. திட்டுகிற அளவுக்கு அவர் அவனைக் கவனித்ததே இல்லை. மூன்றாம் தடவை, மீசை முளைத்து இருபது வயசும் தாண்டிய பிறகு, பொடிப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து எழுதி எப்படியோ தேறிவிட்டான். அந்தக் காகிதத்தை அவன் அம்மா பெருமாயி மூங்கில் குழாயில் சுருட்டிப் போட்டுக் கூரையில் செருகி வைத்தாள்.

பெருமாயி சுமைக்காரி. மலையிலிருந்து மிளகும் வாழைத்தாரும் இறக்குவாள், கீழேயிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றுவாள். பதினைந்து வருஷமாகச் சுமைக்கு அடியில் துணிச் சும்மாடு உட்கார்ந்து உட்கார்ந்து அவள் உச்சந்தலையில் ஒரு தட்டு அளவுக்கு முடியே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கழுத்து தானாக ஆடும். காத்தான் போலீசாக வேண்டும் என்று நினைத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. திருடனைப் பிடிக்க வேண்டும், நாட்டைக் காக்க வேண்டும் என்றெல்லாம் அவன் கனவு காணவில்லை. எட்டாவது படித்தவனை எடுக்கிறார்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்று சந்தையில் யாரோ பேசியது காதில் விழுந்தது. அந்தக் கழுத்து ஆடுவதை நிறுத்த அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்த இடத்தில் மலைத்தடத்து வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். தடம் ஒற்றையடி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவர் அவரை முந்தக் கூடாது. அவராக நின்று 'போங்க' என்று சொன்னால்தான் போகலாம். தலையில் சுமை இருந்தால் அவர் நிற்கவும் வேண்டியதில்லை. சுமைக்காரருக்குப் பாறைப் பக்கம்; வெறுங்கையோடு வருகிறவர்தான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏறுகிறவரானாலும் இறங்குகிறவரானாலும் இதில் மாற்றம் இல்லை. காத்தானுக்கு எட்டு வயசாக இருக்கும்போது, கீழ்நாட்டு வியாபாரி ஒருவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவன் அப்பன் மாதனை முந்திக்கொண்டு ஓடினான். தோளோடு தோள் பட்டது. வாழைத்தார் ஒரு பக்கம் சாய்ந்தது, மாதனும் அதோடு போய்விட்டான். வியாபாரிக்குப் பஸ் கிடைத்ததா என்று தெரியாது. அன்றிலிருந்து பெருமாயி மகனுக்குச் சோறு போடும்போதெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "முன்னால ஆள் போனா முந்தாத கண்ணு."

ஐம்பத்தேழாம் வருஷம் சேலத்தில் ஆள் எடுத்தார்கள். காத்தான் மூங்கில் குழாயோடு போனான். உயரத்தில் மயிரிழையில் தேறினான். மார்பு அளக்கிறபோது "மூச்சை இழு" என்றார்கள். இழுத்தான், நாடா பிடித்தவர் கை விலகிப்போச்சு. கடைசியாக ஓட்டம். மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும், குறித்த நேரத்துக்குள் வராதவன் வீட்டுக்குப் போகலாம். காத்தானுக்கு முன்னால் ராசிபுரத்து மாணிக்கம் ஓடினான். நெய்ச்சோறு கண்ட உடம்பு. ஓடினானா நடந்தானா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். காத்தான் அவன் பின்னாலேயே போனான். நாலு சுற்றும் போனான். இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்து, மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரத்தோடு நின்ற ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, உனக்கு வேர்க்கக்கூட இல்லையே. அப்புறம் எதுக்கு அவன் வாலைப் பிடிச்சுக்கிட்டே வந்தே?"

"முன்னால ஆள் போறாருங்க" என்றான் காத்தான்.

"அதுக்கு?"

"அவரு நின்னு வழி உடலீங்க."

மைதானமே சிரித்தது. மாணிக்கமும் சிரித்தான். தோற்றவனுக்குப் பார்த்துச் சிரிக்க இன்னொரு தோற்றவன் கிடைத்தால் அது ஒரு ஆறுதல்தானே. ஏட்டு மட்டும் சிரிக்காமல், காகிதத்தில் இருந்த வயசைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவைதான் உனக்கு. அதுக்கப்புறம் வயசு தாண்டிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது பெருமாயிக்கு விளங்கவே இல்லை.

"முந்தாம வந்தது தப்பா சாமி?"

"அங்க அது தப்பு ஆத்தா."

"தள்ளிப்போட்டுட்டு முன்னால போறவனுக்குத்தான் சோறுன்னா, அந்தச் சோறு நமக்கு எதுக்கு?" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சும்மாட்டை எடுத்துக்கொண்டு சுமைக்குக் கிளம்பிப் போனாள். கழுத்து ஆடிக்கொண்டே போனது. அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு சந்தை நாளில் எல்லாம் காத்தான் அடிவாரத்து ரோட்டில் ஓடினான். மனுஷர்களை முந்தக் கால் வரவில்லை. அதனால் மாட்டுவண்டியில் ஆரம்பித்தான். வண்டிக்குப் பின்னால் ஓடி, பல்லைக் கடித்துக்கொண்டு, மாட்டின் முகத்தைத் தாண்டிப் போவான். மாடுகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் அவன் பரம்பரையையே இழுத்து வைது தீர்த்தார்கள். பிறகு சைக்கிள். பிறகு வெறுங்கையோடு நடக்கிற ஆட்கள். இரண்டு மாசத்தில் கால் பழகிவிட்டது.

பழகிய கால் ரோடு எது, தடம் எது என்று பார்க்குமா? ஒருநாள் மலை ஏறும்போது, மிளகாய் மூட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த ஊர்ச் சுமைக்காரர் கருப்பண்ணனை அவன் விருட்டென்று தாண்டிவிட்டான். தாண்டிய பிறகுதான் தெரிந்தது. கருப்பண்ணன் விழவில்லை. பாறையில் சாய்ந்து நின்று, மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மாதன் மவனாடா நீ?"

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. காத்தான் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. போலீசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று படுத்துக் கிடந்தான். எட்டாம் நாள் காலையில் பெருமாயி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தை நிறுத்திய பிறகு கஞ்சி குடித்ததைப் பார்த்தான். எழுந்து மறுபடியும் ரோட்டுக்குப் போனான்.

அடுத்த வருஷம் அதே மைதானம், அதே ஏட்டு. விசில் ஊதியதும் இருபது பேர் பாய்ந்தார்கள். காத்தான் பழைய காத்தானாகவே கடைசி ஆளுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். ஒரு வருஷம் ரோட்டில் வாங்கிய வசவெல்லாம் வீண். நெஞ்சில் காற்று முட்டிக்கொண்டு நின்றது. கால் மட்டும் போகமாட்டேன் என்றது. கருப்பண்ணன் குரல் காதிலேயே இருந்தது. முதல் சுற்று முடிந்து இரண்டாவதும் பாதி போய்விட்டது. இதோடு தீர்ந்தது, இனி ஆயுசுக்கும் உப்பு மூட்டைதான் என்று நினைத்தபோது, முன்னால் ஓடுகிறவனின் தலையைப் பார்த்தான். வெறும் தலை. அவனுக்கு முன்னால் ஓடுகிறவனுக்கும் வெறும் தலை. ஒருத்தன் தலையிலும் சுமை இல்லை. பக்கத்தில் பள்ளமும் இல்லை. சுண்ணாம்புக் கோடுதான் இருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளைத் தாண்டினான். அடுத்தவனிடமும் சொன்னான். ஒவ்வொருத்தனிடமும் மரியாதையாகக் கேட்டுக் கேட்டுத் தாண்டினான். சிலர் பயந்து தாங்களாகவே ஒதுங்கினார்கள். மூன்றாவது ஆளாக வந்து நின்றபோது ஏட்டு, "இந்தத் தடவை வழி விட்டாங்களாடா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்தானுக்கு மூச்சு வாங்கியது.

உத்தரவு வந்தது. வேலூரில் ஆறு மாசம் பயிற்சி. அங்கேயும் படிப்பு வந்து கழுத்தைப் பிடித்தது. சட்டப் பாடத்தில் ஒரு தடவை கோட்டை விட்டு மறுபடி எழுதினான். அதையெல்லாம் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோற்பதில் அவன் அளவுக்கு அனுபவம் அந்தப் பயிற்சிக் கொட்டகையில் வேறு யாருக்கும் இல்லை. ராத்திரி படுத்தால் ஒரே ஒரு நினைப்புதான் வரும். காக்கிச் சட்டையோடு போய் நிற்கும்போது ஆத்தா எப்படிப் பார்ப்பாள், சிரிப்பாளா, அழுவாளா என்று விதவிதமாக நினைத்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போவான்.

லீவு கிடைத்த அன்று சந்தை நாள். காக்கிச் சட்டை, அரைக்கால் நிக்கர், சிவப்புத் தொப்பி, காலில் பூட்ஸ். பையில் அம்மாவுக்கு ஒரு சேலை. மதிய வெயிலில் தடம் ஏறினான். ஆறு மாசம் சமதரையில் நடந்த காலுக்கு மலை கனத்தது. அதைவிடப் பூட்ஸ் கனத்தது.

ஏழாவது திருப்பத்தில் முன்னால் ஒரு சுமைக்காரி போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் மூட்டையும் இரண்டு காலும்தான் தெரிந்தன. காத்தான் நடையைக் குறைத்தான். முந்துகிற எண்ணமே அவனுக்கு இல்லை. ஆனால் பூட்ஸ் கல்லில் பட்டுச் சத்தம் போட்டது. அந்த மலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறவர் சர்க்கார் ஆளைத் தவிர வேறு யார்? சத்தம் கேட்டதும் முன்னால் போன கால்கள் விறைத்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டையோடு சட்டென்று ஒதுங்கினாள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினாள். ஒரு சாண் மண்ணில் நின்றுகொண்டு, ஒரு கையால் முள்செடியைப் பிடித்தபடி சொன்னாள்:

"போங்க சாமி, போங்க."

அது ஆத்தாவின் குரல். அப்பன் போனதும் இப்படி ஒரு விளிம்பிலிருந்துதான்.

"ஆத்தா, அசையாத. நாந்தான்."

"ஆரு?" சுமையோடு அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை.

"காத்தான் ஆத்தா."

கையைப் பிடித்துப் பாறைப் பக்கம் இழுத்து, மூட்டையை இறக்கினான். பெருமாயி அவனைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே நின்றாள். கழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

"இளைச்சுப் போயிட்டியே" என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, சும்மாட்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"புதுச் சட்டை அழுக்காயிரும் கண்ணு."

"ஆனா ஆவட்டும்."

மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். சுமை இருக்கிறவன் முன்னால் போகலாம். தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். இரண்டு திருப்பம் தாண்டியதும் மேலேயிருந்து கருப்பண்ணன் வெறுங்கையோடு இறங்கி வந்தார். காத்தானைப் பார்த்தார். பார்த்ததும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதன் மவனா என்று அவர் கேட்க மாட்டாரா என்று காத்தானுக்கு இருந்தது. அவர்கள் கடந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு காத்தான் கேட்டான்: "ஆத்தா, அவரு சுமைக்கு ஒதுங்குனாரா, சட்டைக்கு ஒதுங்குனாரா?"

"அவரு எதுக்கு ஒதுங்குனாரோ, எனக்கென்ன தெரியும்" என்றாள் பெருமாயி. "நான் சட்டைக்குத்தான் ஒதுங்குனேன்."

தலையில் சுமை இருந்ததால் அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு இன்னும் நெடுந்தூரம் ஏற வேண்டியிருந்தது. அவ்வளவு தூரமும் பூட்ஸ் சத்தம் கேட்காதபடி பாதத்தை மெல்ல மெல்ல வைத்து ஏறினான்.