வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு மூச்சு

கோலோ போலே என்ற மலையூரில் பனி இடுப்பளவு கிடந்த ஒரு ஜனவரி ஒன்பதாம் தேதி, தோன்காவின் புல்வெளியில் நட்டிருந்த வெப்ப உணரி முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. கருவியில் பழுது ஏதும் இல்லை. அன்று அவள் கணவன் வெலிச்கோ இருந்த இடத்தில் அவ்வளவு வெயில்.

உணரி வருவதற்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவன் வெலிச்கோதான். காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று மூன்று வேளையும் வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து, பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தலைநகருக்குத் தொலைபேசியில் சொல்வான். பெட்டி திறந்திருக்கும்போது மூச்சு விடக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. மனித மூச்சு பட்டால் பாதரசம் ஏறிவிடும். அவன் அங்கே மூச்சைப் பிடிக்கும்போது அடுக்களை ஜன்னலில் நின்று தோன்காவும் பிடித்துக்கொள்வாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, பழகிப்போயிற்று. மூன்று வேளையும் ஊரில் இருந்தாக வேண்டுமென்பதால் பத்தொன்பது வருடத்தில் அவன் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. நாட்டின் கிழக்கே கடல் இருக்கிற சங்கதியே அவனுக்கு வானிலை அறிக்கையில் கேட்டதுதான்.

பிறகு தானே அளந்து தானே அனுப்பும் உணரி வந்தது. அதை நட வந்த பொறியாளர் கமெனுக்குப் புத்தகம் முழுக்க மனப்பாடம், மலைக்காற்று மட்டும் புதிது. உணரியை வைக்கும் பெட்டிக்கு இடம் பார்த்துக் கொடுத்தது வெலிச்கோ. வீட்டுச் சுவரின் சூடு எட்டாத தொலைவு, கீழே சிமெண்ட் இல்லாமல் வெட்டிய புல், ஆளுயரக் கால்கள், வெயில் உள்ளே விழாதபடி வடக்கு பார்த்த கதவு, காற்று மட்டும் நுழையும்படி சாய்ந்த பலகைகள். அங்கிருந்து ஒரு கேபிள் அடுக்களைச் சுவரில் மாட்டிய சின்னத் திரைக்குப் போனது. கடைசித் திருகாணியை வெலிச்கோவே முறுக்கினான். இனி இந்தப் பெட்டிக்குத் தான் தேவையில்லை என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, பத்தொன்பது வருடம் பிடித்துவைத்த மூச்சையெல்லாம் ஒரே பெருமூச்சாக அதற்குள் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். கமென் பார்த்துக்கொண்டுதான் நின்றான். புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டான்.

மறுவாரம் வெலிச்கோ கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கினான். கூட வர்றியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தோன்காவுக்குச் சுருக்கென்றது. "போறதுன்னா போ. யாரு புடிச்சு வெச்சிருக்கா?" என்றாள். அந்த வாக்கியத்தை எட்டு வருடம் மென்றுகொண்டிருக்கப் போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பேருந்து மலையை விட்டு இறங்க இறங்கத் திரையில் டிகிரி ஒவ்வொன்றாக ஏறியது. அது சமவெளியைத் தொடும் நேரத்தில், பெட்டி அளப்பது அவன் இருக்கும் இடத்தின் சூட்டை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

துறைமுகத்திலிருந்து இரண்டு தபால் அட்டைகள் வந்தன. பிறகு கப்பலில் வேலை என்று கேள்வி, பிறகு அந்தக் கேள்வியும் நின்றது. திரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே விடியும் நேரத்தில் அங்கே சூடு இறங்கத் தொடங்கினால் அவன் பூமியின் மறுபக்கம் இருக்கிறான் என்று கண்டுபிடித்தாள். அவனுக்கு வேர்க்கிற நாளில் தயிரும் வெள்ளரியும் போட்ட குளிர்ந்த சூப் செய்து, வெளியே பனி கொட்ட, பல் கிடுகிடுக்கத் தனியாக உட்கார்ந்து குடித்தாள். ஐந்தாம் வருடம் ஆகஸ்டில் திரை மூன்று நாள் நாலு டிகிரியிலேயே அசையாமல் நின்றது. "பொணத்தைத்தான் அப்படி வெப்பாங்க," என்றான் பக்கத்து வீட்டு க்ரூயா, வாய் சும்மா இராமல். தோன்கா துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினாள். நாலாம் நாள் இருபத்தாறுக்கு ஏறியதும் அதைக் கழற்றி க்ரூயாவின் வேலியில் வீசிவிட்டு வந்து, திரையில் நெற்றியை வைத்து அழுதாள். அவ்வளவு ஏக்கத்தையும் காட்ட அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

தலைநகரத்திலிருந்து வந்து உணரியை மூன்று முறை மாற்றினார்கள், கேபிளை இரண்டு முறை. புது உணரியும் அந்தப் பெட்டிக்குள் போன மறுநிமிடம் வெலிச்கோவின் வெயிலையே சொன்னது. எட்டாம் வருடக் குளிர்காலத்தில் கமென் நேரில் வந்தான்.

"உங்க புல்வெளியால நாட்டோட சராசரியே கெட்டுப்போகுதுக்கா. பெட்டியை எடுத்தாகணும்."

"நாட்டுக்கு நூறு பெட்டி இருக்கு தம்பி. எனக்கு இது ஒண்ணுதான்."

"மேல இருக்கறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? உள்ள ஒருத்தர் மூச்சு மாட்டிக்கிச்சுன்னா?"

"நீ பாத்துக்கிட்டுதானே நின்னே? அப்பவே கதவைத் தொறந்து விட்டிருக்கலாம்ல?"

கமென் காதுவரை சிவந்துபோனான். மார்ச் ஒன்றாம் தேதிவரை தவணை கொடுத்தான், அதற்கு மேல் அவன் கையில் இல்லை.

பிப்ரவரியில் திரை இறங்கத் தொடங்கியது. முப்பது, இருபத்துநாலு, பதினேழு, ஒன்பது. தோன்கா சோறு தண்ணி இல்லாமல் அதையே பார்த்துக் கிடந்தாள். மார்ச் ஒன்றாம் தேதி, வசந்தத்துக்காக ஊரார் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொண்டபோது, அவள் ஒரு நூலைக் கொண்டுபோய்ப் பெட்டியின் காலில் கட்டினாள். மதியம் கமென் ஸ்பேனரோடு வந்தான். கழற்றுவதற்கு முன்னால் விதிப்படி ஒரு தடவை கையில் பிடிக்கும் அளவுக் கருவியைக் கேபிளில் செருகிப் பார்த்தான். மைனஸ் ஆறு. சட்டைப்பையில் இருந்த வெப்பமானியும் மைனஸ் ஆறு.

"அக்கா, சரியாயிடுச்சு!" என்று கத்தினான்.

அவள் அதற்குள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியிருந்தாள். தெருவில் பனியும் க்ரூயாவின் நாயும்தான் இருந்தன. பேருந்து வரும் திருப்பம்வரை பார்த்தாள், ஒருவரும் இல்லை. அப்போது பின்னாலிருந்து கமெனின் குரல் அழமாட்டாத குறையாகக் கேட்டது.

"ஐயோ, மறுபடி ஏறுதுக்கா! இருபத்திரண்டு!"

தோன்கா நின்றாள். இருபத்திரண்டு என்பது அடுப்பு எரியும்போது அவள் அடுக்களையின் சூடு. அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

முன்வாசலில் முகம் காட்ட வெட்கப்பட்டுப் பழத்தோட்டத்து வழியாக வந்த வெலிச்கோ, அடுப்போரம் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது.

"ஒரு வரி எழுத முடியல இல்ல?"

"என்னத்த எழுதறது? தெனமும் ஒரே வெயில்."

"அது எனக்குத் தெரியும். நாலு டிகிரியில மூணு நாளு கெடந்தியே, அது என்னய்யா?"

"மீன் வெக்கிற குளிர்க் கெடங்குல வேலை," என்றவன், பூட்ஸை அடுப்புப் பக்கம் தள்ளிவைத்து, "நீ திரும்பி வான்னு சொல்லலியே," என்றான்.

"நீ கூட வர்றியான்னு கேட்டியா?"

அடுப்புத்துணியால் நாலு அடி போட்டாள். ஐந்தாவதற்குக் கை ஓங்கியவள் அவன் தோளிலேயே விழுந்து அழுதாள். கமென் ஜன்னலுக்கு வெளியே ஸ்பேனரோடு நின்று வெகுநேரம் மலையைப் பார்த்தான்.

பெட்டியை எடுக்கவில்லை. இப்போதும் ஏழுக்கும் இரண்டுக்கும் ஒன்பதுக்கும் வெலிச்கோ வெளியே வந்து புல்வெளியில் கால்மணி நேரம் நிற்கிறான். அவனைத் தனியாக விட மனமில்லாமல் தோன்காவும் கூட நிற்கிறாள். பெட்டி மூடியிருப்பதால் இருவரும் தாராளமாக மூச்சு விடுகிறார்கள். அந்த மூன்று அளவுகளும் நாட்டிலேயே மிகத் துல்லியமானவை என்று கமென் ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறான். மற்ற நேரங்களில் கோலோ போலேயின் வெப்பநிலை இருபத்திரண்டு டிகிரி.