உம் கொட்டியவள்

பாப்பாயி பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வார். எடப்பாடியில் அவர்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று எருமை கட்டியிருக்கும் பக்கமாகப் போய் நின்றுகொள்வார். அங்கிருந்து அரைமணி நேரத்துக்கு ஒறம்பரைச் சங்கதி முழுவதும் வரும். யார் வீட்டில் வளைகாப்பு, யார் மகன் வேலையை விட்டுவிட்டான், எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்று ஒன்று விடாமல் சொல்வார்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனார். அதன்பின் இரண்டு வருடம் என்னை வைத்துக்கொண்டு படிக்கவைத்தது பெரியம்மாதான். ஈரத்தலையோடு போகிறேன் என்று பஸ் நிறுத்தம்வரை துண்டோடு ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க என் தலையைத் துவட்டிவிட்டவர்.

இப்போது நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் எழுதுவதும் ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் ஆஸ்பத்திரி விவரம் தெரிந்தவள். ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. பெரியம்மா பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என் பாட்டுக்குச் சமைப்பேன். நடுநடுவே "உம்" என்பேன். "அப்புடிங்களா" என்பேன். அவருக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன்.

முந்தின கார்த்திகையில் பெரியம்மா மயங்கி விழுந்தார். சேலத்துக்குக் கொண்டுவந்தோம். கர்ப்பப்பையில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். எட்டு மாதமாக உதிரப்போக்கு இருந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுப்பையன் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங் பெரிப்பா, ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு எட்டு மாசமா இதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

அவர் தோள்துண்டை முறுக்கிக்கொண்டே, "அவ ஒண்ணும் சொல்லலியே சாமி" என்றார்.

பக்கத்தில் அவர்கள் மகன் குழந்தைவேல் நின்றிருந்தான். என் கேள்வியை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். தையில் பெரியம்மா இறந்தார். எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம், "தறி தறின்னு கெடந்து எங்கம்மாவக் கவனிக்காம உட்டுட்டாரு" என்றான். அதன்பின் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் மனைவி இலக்கியா மூலமாகத்தான் இருவரும் எதையும் சொல்லிக்கொண்டார்கள்.

ஆடி மாதம் என் போனில் இடமில்லாமல் போயிற்று. எதை அழிக்கலாம் என்று தேடியபோதுதான், வரும் அழைப்புகளையெல்லாம் போன் தானாகவே பதிந்து வைத்திருப்பது தெரிந்தது. பெரியம்மா பேசியது மட்டுமே அறுபதுக்கு மேல் இருந்தது. அந்தக் குரலைக் கேட்கும் ஆசையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுவந்தேன். நான்காம் நாள், அவர் மயங்கி விழுவதற்கு முந்தின பங்குனியில் பேசியது வந்தது.

"மாரக்கா மகளுக்கு நிச்சயமாயிருச்சு கண்ணு. மாப்பள போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறாராம், வடக்க ஓடுதாம்."

"உம்."

"நம்ம கந்தப்பன் அவங்கண்ணன் ஊட்டுக்கு மறுக்காச் சண்டைக்குப் போயிட்டான். போனவன் ரெண்டு சொம்பு மோரக் குடிச்சுட்டு அங்கயே தூங்கிட்டானாம்."

"அப்புடிங்களா."

அதன்பிறகு குரல் இறங்கியது. "பக்கத்துல ஆராச்சும் இருக்கறாங்களா கண்ணு? எனக்கு மறுபடியும் தூரமாட்டப் படுது. நின்னு பன்னண்டு வருசமாச்சு. இப்ப நாலஞ்சு தடவ பட்டுருச்சு. உங்க பெரிப்பங்கிட்ட இதையப் போயி எப்புடிச் சொல்றது? நீ ஆஸ்பத்திரிப் பக்கமே இருக்கற. ஆருகிட்டயாச்சும் காட்டோணுமா?"

குக்கர் விசில் அடிக்கிறது. அதற்குள்ளிருந்து என் குரல்: "அதெல்லாஞ் செரியாப் போயிருமுங் பெரிம்மா."

"செரியாப் போயிருமா?"

"உம்."

"அப்பாடா. நீ சொன்னாச் செரிதான் சாமி."

உடனே எருமை கன்று போட்ட கதைக்குப் போய்விட்டார். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

கட்டிலில் கிடந்த இரண்டு மாதமும் பெரியம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியப்பாவை நான் திட்டியதைக் கேள்விப்பட்டபோதுகூட என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நேரில் போய்ச் சொல்லலாம் என்று ஆறு மாதம் ஓட்டினேன்.

இந்தத் தையில் வருசத் திதி. சொந்தபந்தமெல்லாம் எடப்பாடிக்கு வந்திருந்தார்கள். மாரக்காளுக்குப் பேரன் பிறந்த விசயம் அங்கே பாதிப்பேருக்குத் தெரியவில்லை. "பாப்பாயி இருந்திருந்தா அன்னைக்கே நமக்கெல்லாம் போன் வந்திருக்கும்" என்றார் மாரக்காள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

படையல் வைத்ததும் பெரியப்பா கற்பூரத் தட்டை எடுக்கக் கை நீட்டினார். குழந்தைவேல் தட்டை இழுத்துக்கொண்டான்.

"இருக்கறப்பப் பாக்காதவங்க இப்ப எதுக்கு?"

பெரியப்பா நீட்டிய கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"கொழந்த, பெரிப்பா மேல தப்பில்ல. பெரிம்மா எங்கிட்டச் சொல்லுச்சு. நாந்தான் கேக்காம உட்டுட்டேன்."

அப்பாவையும் மகனையும் மட்டும் உள் அறைக்குக் கூட்டிப்போய் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். குரல் வந்ததும் பெரியப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார். கந்தப்பன் மோர் குடித்ததற்கு அவருக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மா குரலைத் தாழ்த்தியதும் சிரிப்பு நின்றது. கடைசிவரை கேட்டார்.

"நாப்பத்திரண்டு வருசம்" என்றார். "எங்கிட்டச் சொல்ல என்ன கூச்சம் அவளுக்கு?"

அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. அவரிடம் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

குழந்தைவேல் கேட்டான். "எப்பக்கா இதையக் கேட்ட?"

"ஆடியில."

"நான் அப்பங்கிட்டப் பேசாம இருக்கறது அப்ப உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அன்னைக்கு வேல மும்முரத்துல காதுல உழுந்திருக்காது. அதைய உட்ரலாம். இந்த ஆறு மாசம்?"

அவன் அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். பெரியப்பா கற்பூரம் ஏற்றினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன். பந்தியில் இலக்கியா என் இலைக்கும் எல்லாம் வைத்தாள். ஆனால் முகம் பார்க்கவில்லை.

கிளம்பும்போது பெரியப்பா மட்டும் வாசல்வரை வந்தார்.

"அவ பேசுனத என் போனுக்கு அனுப்பி உடு சாமி. அந்தக் கடைசிச் சங்கதி வேண்டாம். அதுக்கு முன்னால பேசுனது மட்டும்."

"செரிங் பெரிப்பா."

பதிவை நறுக்க எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மோர் குடித்த இடத்தோடு வெட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டுவிட்டதாகப் போன் காட்டியது.

குழந்தைவேல் இன்னும் என்னோடு பேசவில்லை. வெட்டிய மிச்சத்தை நான் அழிக்கவில்லை.