இரண்டின் வர்க்கமூலம்

திரையில் அந்த வளைகோடு வந்ததும் ரோசலினுக்குக் காது சூடேறிவிட்டது. அது அவள் போட்ட கோடு. ஆறு வருடத்துக்கு முன் அப்பா படுக்கையில் விழுந்ததும், முதுகலை ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு பாயான் லெப்பாஸில் இருந்த ஒரு சிப் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். போகும்போது, அதே துறையில் அவளுக்கு இளையவனான டெரிக்கிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த நோட்டில் இருந்த கோடு. இன்று டாக்டர் டெரிக் பல்கலைக்கழக மேடையில் நின்று, 'என்னுடைய முடிவு' என்று மூன்றாம் முறையாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிண்ணம் போலக் குழிந்த பொறிக்குள் இரண்டு துகள்கள். வெளியேற வழியில்லை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் இருக்கின்றன. தள்ளுதல் கூடக் கூட ஆற்றல் எவ்வளவு ஏறும் என்பதுதான் கணக்கு. அதில் ஓரிடத்தில் இரண்டின் வர்க்கமூலத்தை விட்டிருந்தாள். பொல்லாத பிழை. தள்ளுதலே இல்லாத முனையிலும், அளவில்லாமல் தள்ளும் முனையிலும் கோடு யோக்கியமாக நிற்கும். நடுவில் மட்டும் பொய் சொல்லும். வேலைக்குப் போன பிறகுதான் அதைக் கண்டுபிடித்து, இரண்டாவது நோட்டில் திருத்தினாள். திருடனுக்குத் திருத்தம் கிடைக்கவில்லை, பாவம்.

வயிற்றுவலி என்று டாக்டரிடம் எம்சி வாங்கி, வேலைக்கு லீவு போட்டு, அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். எல்லோர் முன்னும் விரித்து, 'இது என் உழைப்பு' என்று சொல்லிவிட வேண்டும்.

கேள்வி நேரத்தில் எழுந்தாள். நடுவில் அளவு தப்பு, இரண்டின் வர்க்கமூலம் எங்கே என்றாள். டெரிக் வெளிறிப்போனான். முன்வரிசைப் பேராசிரியர் சிவநேசன் திரையை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சரியாத்தான் சொல்றீங்க. எந்த டிபார்ட்மென்ட்மா?"

"ஃபேக்டரி, சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நோட்டை வெளியே எடுக்காமலே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் டெரிக் வாசலுக்கு ஓடி வந்தான்.

"அக்கா, நல்ல வேளை, பேப்பர் இன்னும் பிரிண்ட்டுக்குப் போகல. நீங்க திருத்தி வெச்சிருப்பீங்கதானே? குடுங்க, நான் மாத்திடறேன்."

"என் பேரு?"

"தேங்க்ஸ் போட்டிருக்கேன் லா, கடைசிப் பக்கத்துல."

வெட்கம் மருந்துக்கும் இல்லை அவனுக்கு. ஆனால் ரோசலினுக்குத் தன் மேல்தான் ஆத்திரம் வந்தது. உரிமை கேட்கப் போனவள், அவன் பிழையைச் சபையில் இலவசமாகக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பை பாதி திறந்திருந்தது. அவன் கண் அங்கேதான் இருந்தது, கையும் நீண்டிருந்தது. அவள் ஜிப்பை வேகமாக இழுத்தாள். அது நோட்டின் மூலையில் மாட்டிக்கொண்டு நகரவில்லை.