றகரத்துக்கு இடமில்லை

கனகசபாபதி கணித விரிவுரையாளர். ஆனால் தமிழை யாராவது பிழையாக எழுதிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பெயர்களை அகரவரிசையில் அடுக்கி அச்சிடும் கணினி நிரலொன்றை எழுதி, அதன் மூலநிரல் வரிகளையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்திருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்பதில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏழு இடங்களில் அது ஓடியது. திருத்திய நிரல் வெள்ளிக்கிழமை ஏழு பிளொப்பி வட்டுகளில் போக வேண்டும்.

அவரும் கணினி நிலையத்தில் வேலை செய்த மார்கிரட்டும் நிரலைப் பற்றி வந்த முறைப்பாட்டுக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய சட்டம் ஒன்றுதான்: பிழையை மட்டும் திருத்துவது, புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் புதுப் பிழையும் கூடவே வந்து குந்திவிடும். பெரிய எழுத்துக் கேட்ட பள்ளிக்கூடத்துக்கு அடுத்தமுறை. 'ஔ' வந்தால் நின்றுவிடுகிறது என்றவர்களுக்கு இப்போதே.

கடைசிக் கடிதம் அரியாலை அகதி முகாமிலிருந்து வந்தது. காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த றோஸ் என்ற பெண்ணின் பெயர் ஆறு வாரமாக நிவாரணப் பட்டியலில் விழவில்லை. பட்டியலில் இல்லாதவருக்கு அரிசி இல்லை.

"உது பிழையில்லை," என்றார் கனகசபாபதி. "சொல்லுக்கு முதலிலை றகரம் வராது. வந்தால் தட்டெழுத்துப் பிழையெண்டு தள்ளச் சொல்லி நான்தான் எழுதினனான். ரகரத்தை முதலிலை வர விட்டதே பெரிய காரியம். அடுத்தமுறை பாப்பம்."

"ரோஸ் எண்டும் அடிச்சுப் பாத்தவையாம், சேர். அடையாள அட்டையிலை றோஸ். உது வேறை ஆள் எண்டு அரிசி குடுக்கேல்லையாம்."

"அதுக்காக இலக்கணத்தை மாத்தேலாது."

மார்கிரட் வாதாடவில்லை. "தள்ளேக்கை அது ஏதும் சொல்லுதோ, சேர்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் நிரலின் அச்சுத்தாளைப் புரட்டினார். தள்ளுகிற வரி இருந்தது, சொல்லுகிற வரி இல்லை. பெயரை அடித்தவருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு குடும்பத்தை அது வெளியே விட்டிருக்கிறது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப உது என்ரை பிழைதான்," என்றார். "அந்த வரியையே எடுத்துவிடுவம். வெள்ளிக்கிழமையே போகட்டும்."

அரியாலைக்கு உரிய பிளொப்பியைத் தானே கொண்டுபோனார். மறுநாள் காலை புதுப் பட்டியலைப் படித்து அரிசி கொடுத்தபோதும் பக்கத்தில் நின்றார். அகரவரிசையில் றோஸ் கடைசிப் பெயர். எல்லாரும் வாங்கிப் போகும்வரை அவள் காத்து நின்றாள்.

"றோஸ். நாலு பேர்," என்று படித்தார் முகாம் எழுதுநர்.

"மூண்டு எண்டு போடுங்கோ. மூத்தவளைப் போன கிழமை கன்னியர் மடத்திலை விட்டிட்டன். அங்கை மூண்டு நேரமும் சாப்பாடு குடுப்பினம்."

கனகசபாபதி முன்னால் வந்தார். "நாலு எண்டே கிடக்கட்டும், தங்கச்சி," என்றார். "இனிப் பேர் விடுபடாது. பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

றோஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை.

"உந்தப் பட்டியலை நம்பியோ, ஐயா?" என்று கேட்டாள்.